யானை வாங்குவதற்கு முன்: இங்கிலாந்துக் கிளப்பில் பொம்மைப் போர் விளையாட்டு தொடங்க ஒரு வழிகாட்டி

என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. உள்ளே 28 மி.மீ. அளவில் ஒரு சோழப் படை: நான்கு யானைகள், இருபத்துநான்கு வில்லாளிகள், முப்பது சொச்சம் வாள்வீரர்கள். வாங்கியபோது 170 பவுண்டு ஆனது. அதைத் தூக்கிக்கொண்டு ஊர்க் கிளப்புக்கு முதன்முதலாகப் போன வியாழக்கிழமை இரவு, அங்கே இருந்த பதினைந்து பேரில் ஒருவரிடம்கூட அதற்கு எதிரே நிறுத்த ஒரு படை இல்லை. பழங்காலப் போர்களை அவர்கள் 15 மி.மீ. அளவில் ஆடுகிறார்கள். 28 மி.மீ.யில் அவர்களிடம் இருந்தவை நெப்போலியன் காலமும் இரண்டாம் உலகப் போரும்தான். என் யானைகள் மேசையோரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்பின.

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து, சின்ன வயதில் தீக்குச்சிகளைத் தரையில் வரிசைகட்டிப் போர் நடத்திய ஆசை இன்னும் விடாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது கிழக்கு மிட்லண்ட்ஸ் பக்கம். விலையும் நேரமும் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை. உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கலாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் ஆள், பிறகு விதி, பிறகு அளவு, கடைசியில்தான் பொம்மை.

விளையாட்டு என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு மேசை, பெரும்பாலும் 6 அடிக்கு 4 அடி. அதன்மேல் பச்சைத் துணி, குன்று, மரம், ஓடை. இரண்டு பக்கமும் பெயிண்ட் அடித்த படைகள். டேப் வைத்து அளந்து நகர்த்துவார்கள்; டைஸ் உருட்டி அடிதடியைத் தீர்ப்பார்கள். சதுரங்கம் மாதிரி கட்டம் கிடையாது.

1. கிளப்பைத் தேடுங்கள், கடையை அல்ல

பெரிய ஊர் எதிலும் மினியேச்சர் விற்கும் கடை கண்ணில் படும். அங்கே மேசை போட்டு ஆடுவார்கள், அன்பாகக் கற்றும் கொடுப்பார்கள். ஆனால் அந்தக் கடைகளில் பெரும்பாலும் ஆடுவது கற்பனை உலகப் போர்கள்: விண்வெளி வீரர், பூதம், பிசாசு. வரலாற்றுப் போர் ஆடுபவர்கள் கடையில் அதிகம் இல்லை. தேவாலயத்து ஹால், சாரணர் குடிசை, முன்னாள் படைவீரர் மன்றத்தின் பின்னறை, கிராமத்துச் சமூகக்கூடம், இப்படி வாடகை குறைவான இடங்களில் வாரம் ஒருநாள் கூடுவார்கள். ஊர்ப் பெயரோடு ‘வார்கேம்ஸ் கிளப்’ என்று தேடினால் கிடைத்துவிடும். நேரம் பெரும்பாலும் வார நாளில் மாலை 7 முதல் 10.30 வரை. ஞாயிறு முழுவதும் ஆடும் கிளப்புகளும் உண்டு.

கிளப் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான்கே கேள்விகள் போதும்: புதியவர் எந்த இரவு வரலாம்? வழக்கமாக என்னென்ன காலகட்டம் ஆடுகிறீர்கள், எந்த விதிகளில்? எந்த அளவு பொம்மைகள்? முதல் வருகைக்குக் கட்டணம் உண்டா? இவர்கள் எல்லாரும் சம்பளமில்லாமல் செய்பவர்கள். பதில் வர ஒரு வாரம் ஆனால் கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாள் பொறுக்க முடியாமல்தான் யானை வாங்கினேன்.

ஒரு பொறி: கிளப் கூடுவது ஏதாவது உறுப்பினர் மன்றத்தின் உள்ளே என்றால், நுழைவாயிலில் விருந்தினர் பதிவேடு இருக்கும். உறுப்பினர் ஒருவர் கையெழுத்திட்டு உங்களை உள்ளே அழைத்துப்போக வேண்டும். யாரும் இதை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அது பழகிப்போன விஷயம். குளிரில் வெளியே நிற்காமல் இருக்க, ‘வாசலில் யாரைக் கேட்க வேண்டும்’ என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். அங்கே பார் இருந்தால் வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி இருக்காது. டப்பாவில் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோகும் நினைப்பு இருந்தால் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

2. முதல் இரவு வெறுங்கையோடு போங்கள்

வெறுங்கை என்றால் ஒரு டேப்பும் (அங்குலம் உள்ளது, சென்டிமீட்டர் மட்டும் இருந்தால் உதவாது) பத்து டைஸும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. படை வேண்டாம். ஏதாவது ஒரு மேசையில் ஆறு பேர் ஆடும் பெரிய போர் நடக்கும். அதில் ஒரு பக்கத்தின் இடது சிறகை உங்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள். ஒன்றும் புரியாது. பரவாயில்லை. ‘இவர்களை அந்தக் குன்றுக்குக் கொண்டுபோக வேண்டும்’ என்று உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள், எப்படி என்பதைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்வார். விதி தெரியாமல் எண்ணத்தை மட்டும் சொல்லி ஆடுவது இந்த விளையாட்டில் கௌரவக் குறைவு இல்லை.

நம்மவர்களுக்குக் கூச்சம் வரும் இடம் வேறு. அங்கே பாதிப் பேருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் முதல் மாதம் முழுக்க ‘சார்’ போட்டேன். எழுபத்தோரு வயதுக்காரர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், ‘அந்த வார்த்தையிலிருந்து தப்பிக்கத்தான் இங்கே வருகிறேன்’ என்றார். அதன்பின் நிறுத்தினேன், நாக்கு ஒத்துழைக்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

இரண்டு மூன்று வாரம் இப்படியே போங்கள். எந்த மேசையைச் சுற்றி வாராவாரம் ஆள் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒருவர் மட்டும் ஆசையாகப் பேசும் காலகட்டத்தை நம்பிக் காசு போடாதீர்கள். அவருக்கு வேலை மாற்றலானால் உங்கள் படைக்கு எதிரி இல்லாமல் போய்விடும்.

3. அளவும் அடித்தட்டும்

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

28 மி.மீ. என்றால் பொம்மையின் பாதத்திலிருந்து கண் மட்டம் வரை ஏறக்குறைய அவ்வளவு என்று பொருள். முகம் தெரியும், பொத்தான் தெரியும், பெயிண்ட் அடிக்க ஆசையாக இருக்கும். 15 மி.மீ. அதில் பாதி, கூட்டமாக நின்றால் அழகு. 10 மி.மீ., 6 மி.மீ. அளவுகளில் முகம் என்று ஒன்று கிடையாது, ஆனால் மேசையில் பார்த்தால் உண்மையான படை திரண்டு நிற்பது போல இருக்கும். இவை போக 20 மி.மீ. என்று சொல்லப்படும் 1/72 அளவு பிளாஸ்டிக் பொம்மைகள் மிகவும் மலிவு. ஆனால் மெல்லிய ஈட்டிகள் வளைந்துபோகும், பெயிண்ட் உதிரும்.

ஒரே மேசையில் 15-ஐயும் 28-ஐயும் எதிரெதிரே நிறுத்த முடியாது. இது எல்லாருக்கும் புரியும். புரியாத பொறி, ஒரே 28 மி.மீ. என்று பெட்டியில் போட்டிருந்தாலும் ஒரு கம்பெனியின் வீரன் இன்னொரு கம்பெனியின் வீரனைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி உயரமாக இருப்பான். மொத்தமாக வாங்குவதற்கு முன் கிளப்பில் யாரிடமாவது அந்தப் பொம்மை ஒன்றைக் கேட்டு வாங்கி, மற்றதோடு பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

அடுத்தது அடித்தட்டு, அவர்கள் பேஸ் என்பார்கள். பொம்மை ஒட்டப்படும் தட்டு இது. வட்டமா சதுரமா, ஒருவனுக்கு ஒன்றா, நால்வருக்கு ஒன்றா என்பதை விதிதான் முடிவு செய்யும். எங்கள் கிளப்பில் பழங்காலப் போருக்கு ஆடும் டிபிஏ (டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாடிஸ்) என்ற விதிகளில் 15 மி.மீ. படைக்கு ஒவ்வொரு தட்டும் 40 மி.மீ. அகலம், 28 மி.மீ. படைக்கு 60 மி.மீ. நெருங்கி நிற்கும் ஈட்டிக்காரர் என்றால் ஒரு தட்டில் நால்வர், குதிரைப்படை என்றால் மூவர், கல்லெறிவோரும் சில்லறை வில்லாளிகளும் என்றால் இருவர். அகலம் எல்லாருக்கும் ஒன்று, ஆழம்தான் மாறும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் என் வாள்வீரர்களை ஆளுக்கொரு வட்டத் தட்டில் சூப்பர் குளூ போட்டு ஒட்டிவிட்டேன். பிரித்தெடுத்தபோது ஏழு பேருக்குக் கணுக்கால் போனது.

விதி முடிவாகும் வரை நிரந்தரமாக ஒட்டாதீர்கள். மினரல் வாட்டர் பாட்டில் மூடியில் புளூ டாக் (ஒட்டி எடுக்கக்கூடிய களிமண் மாதிரிப் பசை) வைத்து நிறுத்திப் பெயிண்ட் அடியுங்கள். கிளப்பில் யாரிடமும் பேஸ் அளவு கேட்காமல் தட்டு வாங்கவே வாங்காதீர்கள்.

4. விதிப்புத்தகம்: ஒன்று, அதுவும் கடன் வாங்கி

விதிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. உங்கள் கிளப் ஆடுவதுதான் உங்கள் விதி. பல கிளப்புகளில் கண்ணில் படும் மூன்றைப் பற்றி மட்டும் என் அபிப்பிராயம்.

டிபிஏ: படைக்கு 12 தட்டுகள்தான். பொம்மைக் கணக்கில் நாற்பது போல ஆகும். 15 மி.மீ.யில் 2 அடிக்கு 2 அடி மேசை போதும். சாப்பாட்டு மேசையில் அடங்கும். ஒரு மணி நேரத்தில் முடியும். ஒவ்வொரு முறையும் ஒரு டைஸ் உருட்டுவீர்கள். விழுந்த எண்ணுக்கு அத்தனை நகர்த்தல். ஒன்று விழுந்தால் ஒரு தட்டையோ ஒட்டி நிற்கும் ஒரு கூட்டத்தையோதான் அசைக்க முடியும். தாயம் ஆடி வளர்ந்த எனக்கு ஒன்று விழுந்ததும் கை தானாக உயரும். இங்கே ஒன்று விழுந்தால் தலையில் கை வைக்க வேண்டும். நான்கு தட்டுகளை இழந்து, எதிரியைவிட அதிகமாகவும் இழந்திருந்தால் தோல்வி. புதியவருக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன், ஒரே ஒரு எச்சரிக்கையோடு: புத்தகத்தின் நடை சட்டப் புத்தகத்தைத் தோற்கடிக்கும். படித்துப் புரிந்துகொள்ள முயலாதீர்கள். இரண்டு முறை ஆடிவிட்டுப் படித்தால் வாக்கியங்கள் வழிவிடும்.

லயன் ராம்பண்ட்: இடைக்காலத்து மாவீரர், வில்லாளிகள். ஒவ்வொரு குழுவுக்கும் இத்தனை புள்ளி என்று உண்டு; 24 புள்ளிக்குள் படை கட்ட வேண்டும். குழுக்களில் பெரும்பாலும் 12 அல்லது 6 பேர். மொத்தம் 40 முதல் 60 பொம்மைகள் போல வரும். இரண்டு டைஸ் போட்டு, குறித்த எண் வந்தால்தான் அந்தக் குழு சொன்ன பேச்சைக் கேட்கும். சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது.

போல்ட் ஆக்‌ஷன்: இரண்டாம் உலகப் போர். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டைஸ் பைக்குள் போகும். எந்தப் பக்கத்து டைஸ் கையில் வருகிறதோ அந்தப் பக்கம் நகரும். ஆடுவோர் அதிகம், ஆகவே எதிரி கிடைப்பது சுலபம். ஆனால் டாங்கி, பீரங்கி என்று வாங்கிக்கொண்டே போகத் தூண்டும் விளையாட்டு. பணப்பையைக் கட்டிக்கொண்டு இறங்குங்கள்.

புத்தகம் வாங்குவதற்கு முன் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். போல்ட் ஆக்‌ஷனுக்கு 2024-இல் மூன்றாம் பதிப்பு வந்தது, லயன் ராம்பண்டுக்கு 2022-இல் இரண்டாவது. பழைய பதிப்பைப் பாதி விலைக்கு ஆசைப்பட்டு வாங்கினால் எதிராளியின் அட்டவணையோடு ஒத்துவராது. கிளப்பில் ஒரே பக்கத்தில் அச்சிட்ட சுருக்க அட்டவணை ஒன்று வைத்திருப்பார்கள். அதை நகலெடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதம் புத்தகமே தேவைப்படாது.

5. எந்தப் படை?

கிளப்பில் இருக்கும் ஏதாவது ஒரு படைக்கு வரலாற்றில் உண்மையிலேயே எதிரியாக இருந்த படை. கட்டாயம் இல்லை, ரோமானியரும் சாமுராய்களும் மோதும் இரவுகளும் உண்டு. ஆனாலும் அப்படி அமைந்தால் ஆட்டத்துக்கு ஒரு சுவை.

நம் படை வேண்டும் என்று தோன்றும். டிபிஏ படைப் பட்டியலில் தமிழர் படை இருக்கிறது; சிங்களவரோடு சேர்த்து ஒரே பட்டியலாகப் போட்டிருக்கிறார்கள். அதைக் கிளப்பில் காட்டியபோது எனக்கு வந்த சிரிப்பின் காரணத்தை விளக்க இருபது நிமிடம் ஆனது. ஆடலாம், நன்றாகவே ஆடலாம். ஆனால் யானைக்குப் பயப்படும் எதிரியோடு ஆடும்போது இருக்கும் மகிழ்ச்சி, யானைக்கு வழிவிட்டுப் பக்கவாட்டில் வரும் எதிரியோடு ஆடும்போது இருக்காது. முதல் படையாக வேண்டாம். விதியைக் கற்றுக்கொள்ளும் வரை ஈட்டிக்காரர் வரிசையும் கொஞ்சம் குதிரையும் உள்ள சாதாரணப் படையே நல்லது.

காலனிக் காலத்துப் போர்களும் மேசைக்கு வரும். 1803 செப்டம்பர் 23 அன்று நடந்த அசாயே போரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடினோம். மராட்டியரை எதிர்த்த ஆங்கிலேயத் தளபதி வெல்லஸ்லியின் காலாட்படையில் பெரும்பாலோர் மெட்ராஸ் சிப்பாய்கள் என்று எனக்குச் சொன்னவர் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது, தெரியவில்லை. இப்படிப்பட்ட ஆட்டங்களில் எந்தப் பக்கம் ஆடுவது, ஆடுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ‘இது வேண்டாம், அடுத்த மேசைக்குப் போகிறேன்’ என்று சொன்னால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நான் மராட்டியர் பக்கம் ஆடினேன், பீரங்கிகளை இழந்தேன்.

6. வாங்குவது: விலையும் காத்திருப்பும்

28 மி.மீ. பிளாஸ்டிக் காலாட்படைப் பெட்டி ஒன்றில் நாற்பது பேர் போல இருப்பார்கள். 25 பவுண்டுக்கு மேல் ஆகும். உலோகத்தில் வார்த்தவை ஆளுக்கு 2 பவுண்டு பக்கம். என் யானைகள் ஒவ்வொன்றும் 20-ஐத் தாண்டின. 15 மி.மீ.யில் டிபிஏ படை ஒன்று முழுதாக எனக்கு 34 பவுண்டில் முடிந்தது. மேலே சொன்ன 170-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வார்லார்ட் கேம்ஸ், பெர்ரி மினியேச்சர்ஸ் இரண்டும் நாட்டிங்காமில் இருந்து இயங்குபவை. 10 மி.மீ.க்கு மிடில்ஸ்பரோவில் பெண்ட்ராகன், 6 மி.மீ.க்கு ஷெஃபீல்டில் பக்கஸ். இவை போக, கணவனும் மனைவியுமாகக் கொட்டகையில் உலோகம் உருக்கி வார்த்துக் கொடுக்கும் சின்னச் சின்ன வியாபாரிகள் ஏராளம். அவர்கள் உங்கள் ஆர்டர் வந்தபிறகுதான் வார்ப்பார்கள். இரண்டிலிருந்து நான்கு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சிக்கு முந்தைய மாதத்திலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் இன்னும் இழுக்கும். மறுநாளே வந்து சேரும் பழக்கத்தில் தினம் ஒரு மின்னஞ்சல் போடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 135 பவுண்டு என்ற எண்ணை நினைவில் வையுங்கள். அதற்கு உட்பட்டால் வாட் வரியை விற்பவர் விலையோடு வாங்கிவிடுவார். தாண்டினால் சுங்கத்தில் வரி விழும்; அதை வசூலிக்கும் கூரியர் தன் கூலியையும் சேர்த்துக் கேட்பான்.

மலிவான வழி, கண்காட்சிகளில் நடக்கும் பழைய பொருள் விற்பனை மேசை. லண்டனில் எக்ஸெல் என்ற அரங்கில் ஏப்ரல் வாக்கில் நடக்கும் சல்யூட் பெரியது, கூட்டத்தில் மூச்சு முட்டும். நியூவார்க்கில் நடக்கும் பார்ட்டிசான் எனக்குப் பிடித்தது. மேசைகளைப் பார்க்கவே போகலாம். ரொக்கம் கொண்டுபோங்கள். பெயிண்ட் அடித்த படையே பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் வாங்குவதற்கு முன் டேப்பை எடுத்துப் பேஸை அளந்துவிடுங்கள்.

7. பெயிண்ட், பசை, கத்தி

பிளாஸ்டிக் பொம்மைக்குப் பிளாஸ்டிக் சிமெண்ட். அது இரண்டு பக்கத்தையும் உருக்கி ஒன்றாக்கும். உலோகத்துக்கும் ரெசினுக்கும் சூப்பர் குளூ. மாற்றிப் போட்டால், சிமெண்ட் உலோகத்தில் பிடிக்கவே பிடிக்காது. வெட்டுக் குறடு, சின்னக் கத்தி, அரம், இரண்டு பிரஷ், பத்துப் பன்னிரண்டு அக்ரிலிக் நிறங்கள், பழுப்பு வாஷ் (பள்ளங்களில் ஓடித் தங்கும் நீர்த்த பெயிண்ட்) ஒன்று, பளபளக்காத மேட் வார்னிஷ் ஒன்று. எனக்கு எல்லாம் சேர்ந்து 58 பவுண்டு. பெரிய பெயிண்ட் செட் வாங்காதீர்கள். அதில் இருக்கும் ஊதாவையும் ரோஜாநிறத்தையும் என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கத்தி விஷயத்தில் சட்டம் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்க மாட்டார்கள். இணையத்தில் வாங்கினால் டெலிவரி செய்பவர் வயதுச் சான்று கேட்பார், பாஸ்போர்ட்டோ டிரைவிங் லைசென்ஸோ வீட்டில் கையருகே வையுங்கள். ஸ்ப்ரே பெயிண்டை 16 வயதுக்குக் கீழ் விற்பதில்லை. இதைவிட முக்கியம், அந்தக் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவது. தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது இங்கே குற்றம், காரணம் தக்கதுதான் என்று காட்ட வேண்டியது நீங்கள். உடைந்ததை வீட்டில் சரிசெய்யுங்கள். கிளப்புக்குப் பசை மட்டும் போதும்.

ஸ்ப்ரே பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு): ஈரமான நாளிலும் கடுங்குளிரிலும் அடித்தால் பொம்மைமேல் மாவு தூவினாற்போல் சொரசொரப்பாகிவிடும். இந்த ஊரில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை அப்படித்தான். குளிர்காலத்தில் பிரஷ்ஷால் பூசும் பிரைமர் வாங்குங்கள். வாடகை வீட்டுக்குள் ஸ்ப்ரே அடிக்கவே அடிக்காதீர்கள். கம்பளத்தில் கருப்பு மூடுபனி படிந்தால் டெபாசிட் போய்விடும். தோட்டத்தில் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதற்குள் அடியுங்கள். ஊருக்கு எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் ஸ்ப்ரே டின்னை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், பெட்டியிலும் கூடாது, கைப்பையிலும் கூடாது.

அடிக்கும் முறை சுருக்கமாக: கருப்புப் பிரைமர், அதன்மேல் தட்டையாக நிறங்கள், அதன்மேல் பழுப்பு வாஷ், காய்ந்ததும் மேடான இடங்களில் அதே நிறத்தை லேசாக இன்னொரு தடவை. பெயிண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். ஒருவனை முடித்துவிட்டு அடுத்தவனுக்குப் போகாமல், எட்டுப் பேரை வரிசையாக நிறுத்தி எல்லாருக்கும் வேட்டி, எல்லாருக்கும் தோல், எல்லாருக்கும் கேடயம் என்று போங்கள். அப்படிப் போயும் 15 மி.மீ. நாற்பது பேருக்கு எனக்கு ஆறு வாரம், இரவு முக்கால் மணி நேரம் வீதம், ஷிஃப்ட் இல்லாத நாட்களில். மேசையில் பார்ப்பவர் மூன்றடி தள்ளி நின்று பார்க்கிறார். கண்ணில் கருவிழி வைக்க மெனக்கெடாதீர்கள்.

தட்டின் மேல் பிவிஏ என்ற வெள்ளைப் பசை தடவி மணல் தூவுங்கள். கோலப்பொடி போட்டுப் பார்த்தேன், ரொம்ப நைஸாக இருந்து சிமெண்ட் தரை மாதிரி ஆகிவிட்டது. காட்டுத் தரைக்கு வடிகட்டிய டீத்தூளை நன்றாகக் காயவைத்துப் போட்டால் உதிர்ந்த சருகு மாதிரியே இருக்கும். முழுதாகக் காயாமல் போட்டால் பூஞ்சை பூக்கும். பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் கலந்திருக்கும்; அவற்றை அராவியபின் கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர்கள்.

8. காகிதங்களும் கட்டணமும்

மூன்றாவது நான்காவது வருகையில் உறுப்பினர் படிவம் நீட்டுவார்கள். பெயர், தொலைபேசி, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, படம் எடுக்கச் சம்மதமா, இவ்வளவுதான். அவசரத் தொடர்புக்கு இந்திய எண்ணைக் கொடுக்காதீர்கள். இரவு பத்து மணிக்கு நீங்கள் மயங்கி விழுந்தால் அங்கே விடிகாலை, அம்மாவை எழுப்பி ஒன்றும் ஆகப்போவதில்லை. பக்கத்தில் இருக்கும் நண்பர் எண்ணைக் கொடுங்கள். பிள்ளையைக் கூட்டிப்போவதானால் எந்த வயதிலிருந்து சேர்ப்பார்கள், பெற்றோர் கூடவே இருக்க வேண்டுமா என்பதை முன்பே கேளுங்கள். பெரும்பாலும் இருக்கத்தான் வேண்டும்.

எங்கள் கிளப்பில் இரவுக்கு 4 பவுண்டு, அது போக ஆண்டுச் சந்தா 25. ஹால் வாடகை, பொது மேசைகள், குன்று, மரம், பொதுப் பொறுப்புக் காப்பீடு எல்லாம் அதிலிருந்துதான். சந்தா எந்த மாதம் புதுப்பிப்பது என்று கேட்டுக்கொண்டு கட்டுங்கள். நான் புதுப்பிக்கும் மாதத்துக்கு முந்தைய மாதம் முழுச்சந்தா கட்டி, ஐந்தே வாரத்தில் மறுபடி கட்டினேன். கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பார்கள், கேட்கத் தெரியவில்லை.

9. மேசை மரியாதை

நகர்த்தும்போது எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘உன் வில்லுக்கு எட்டாத தூரத்தில் நிறுத்துகிறேன்.’ எதிராளி ஒப்புக்கொண்டால் பிறகு அரை அங்குலத்துக்குச் சண்டை வராது. சாய்ந்து நிற்கும் டைஸ், தரையில் விழுந்த டைஸ் இரண்டையும் மறுபடி உருட்டுவது வழக்கம். எதிராளி பார்ப்பதற்கு முன் டைஸை அள்ளாதீர்கள். மற்றவர் பொம்மையைக் கேட்காமல் தொடாதீர்கள். தொட்டால் பேஸைப் பிடித்துத் தூக்குங்கள், ஈட்டியைப் பிடித்து அல்ல. டீக்கோப்பை மேசையின் மேல் வைக்கவே கூடாது. விதியில் சந்தேகம் வந்தால் இரண்டு நிமிடம் தேடுவார்கள், கிடைக்காவிட்டால் ஒரு டைஸ் உருட்டி முடிவுசெய்து தொடர்வார்கள். அன்றிரவு அதுதான் சட்டம்.

மேசை போடுவதும் மடக்குவதும் எல்லார் வேலையும். ‘கடைசி பஸ் போய்விடும்’ என்று 10 மணிக்கே கிளம்புபவராக இருந்தால் 6.45-க்கே வந்து மேசை போட்டுக் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். மூன்றாம் மாதத்திலிருந்து வீட்டு வாசல்வரை காரில் கொண்டுவிட ஆள் கிடைத்தது.

10. பையும் பெட்டியும்

பேஸுக்கு அடியில் காந்தத் தாள் ஒட்டி, பெட்டியின் தரையில் இரும்புத்தாள் போடுங்கள். பஸ் குலுங்கினாலும் படை விழாது. இங்கே எல்லாரும் வைத்திருப்பது ரியலி யூஸ்ஃபுல் பாக்ஸ் என்ற பிளாஸ்டிக் பெட்டி; டிபிஏ படைக்கு 4 லிட்டர் அளவு போதும். வாங்குவதற்கு முன் உங்கள் உயரமான ஈட்டியை அளந்துகொள்ளுங்கள். பஞ்சு, பழைய பனியன் சுற்றிக் கொண்டுபோகாதீர்கள், நூல் பொம்மையின் கையில் மாட்டி இழுக்கும். பையில் போக வேண்டியவை: டேப், டைஸ், சுருக்க அட்டவணை, படைப் பட்டியல் இரண்டு பிரதி (ஒன்று எதிராளிக்கு), சூப்பர் குளூ, சில்லறை.

என் 28 மி.மீ. சோழப் படைக்கு இரண்டாவது வருடத்தில் வழி பிறந்தது. தபால்காரர் தன் ஓய்வுக்காலத்துக்கு என்று 28 மி.மீ.யில் ஒரு பழங்காலப் படை கட்ட ஆரம்பித்திருக்கிறார். அதற்காக என் வாள்வீரர்களை 60 மி.மீ. தட்டுகளுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒத்திகை ஆட்டம் ஒன்று முடிந்து அவசரமாகப் பெட்டி கட்டியதில் ஒரு பாகன் குறைந்தான். ஹாலில் விளக்கை அணைப்பதற்கு முன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். என் பாகன் இன்னும் அந்த ஹாலைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் பின்னால்தான் எங்கோ கிடக்கிறான்.